வாலுக்கும் தலைக்கும் பேச்சு இல்லை

எட்டயபுரம் போகிற பக்கத்தில், ஊர்ப்பெயர் இப்போதைக்கு வேண்டாம், ஒரு வளைவு இருக்கிறது. வளைவின் உள்பக்கம் டிரான்ஸ்பார்மர். வெளிப்பக்கம் ஒரு டீக்கடை. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இடத்தில் இரண்டே வழிகள்தான். ஒன்று ஊருக்குக் கரண்ட் போகும். இல்லையென்றால் டீக்கடைக்குக் கூரை போகும். கரண்ட் போனால் ஊரே அடிக்க வரும். கூரை போனால் கடைக்கார அக்கா ஒருவர்தான் அடிக்க வருவார். எனவே எனக்கு முன்னால் அந்த வழியாகப் போன வேறு கம்பெனிக்காரர்கள் ஆழ்ந்து யோசித்துக் கூரையையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் போனது. பிறகு தகரம் போனது.

இரண்டாவது முறை கூரை போனபோது அக்கா ஒரு மழைக்காலம் முழுவதும் தார்ப்பாய்க்குக் கீழே டீ ஆற்றியிருக்கிறார். அடுப்பு அணைந்துகொண்டே இருந்ததாம். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு தூங்கியதாகச் சொல்வார். இப்போது வெல்டரைப் பிடித்து இரும்புக் குழாய் நட்டு, நீல நிறத்தில் பளபளவென்று புதுத் தகடு போட்டிருந்தார். காற்று வரட்டும் என்று பழைய கூரையைவிட உயரமாக வேறு போட்டுவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா, ஐப்பசி மழைக்கு நான் எங்கன போவேன், நீங்களே சொல்லுங்க" என்று, டீ குடிக்க நிற்கிற ஒவ்வொரு லாரிக்காரரிடமும் கேட்பார். அப்போது புரட்டாசி முடியப் போகிற நேரம்.

எங்கள் கம்பெனியில் வழி பார்த்து வருவதற்கு என்றே ஆள் உண்டு. எங்கே மரக்கிளை, எங்கே கேபிள், எங்கே சுவர் என்று முன்கூட்டியே அளந்து வருவார். அவர் அளக்கப் போனது தகரம் போய், நீலத் தகடு வராத இடைப்பட்ட காலத்தில். "அந்த வளைவில் தடை ஒன்றும் இல்லை" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டார். உண்மைதானே. கூரையை எடுத்துவிட்ட பிறகு கூரை எப்படித் தடையாக இருக்கும்?

அந்த வண்டியை ஓட்டியது நான். என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் நாசரேத் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு டீச்சரோ ஒரு டாக்டரோ எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் லுங்கியோடு நான் எட்டிப் பார்ப்பேன். பி.எஸ்சி. இயற்பியலில் நான் வைத்த அரியர்களைப் பல்கலைக்கழகமே மறந்துவிட்டது, அம்மா மறக்கவில்லை. கோயிலில், அதாவது சர்ச்சில், யாராவது "மகன் என்ன செய்யுதான்?" என்று கேட்டால், "லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கான்" என்பார். கேட்டவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. ஆகவே கொஞ்ச காலம் என்னைப் பற்றி நல்ல மரியாதை நிலவியது. ஒரு நாள் பஜாரை அடைத்துக்கொண்டு டிரெய்லரைத் திருப்பியபோது சபையார் பாதிப் பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அத்தோடு லாஜிஸ்டிக்ஸ் என்றால் என்ன என்று ஊருக்கே விளங்கிவிட்டது.

இறக்கை ஏற்றும் வண்டி சாதாரண லாரி மாதிரி அல்ல. அதன் தலை ஒரு தெருவில் இருக்கும்போது வால் இன்னொரு தெருவில் இருக்கும். தலையில் நான் மழைக்கு வைப்பரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பேன், வாலில் இருப்பவர் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருப்பார். அவ்வளவு நீளத்தை ஒரே ஆள் திருப்ப முடியாது என்பதால் பின்சக்கரங்களுக்குத் தனி ஸ்டியரிங் உண்டு. நேர்ச்சாலையில் அந்த ஆள் பின்னால் ஒரு சின்ன இருக்கையில் உட்கார்ந்து வருவார். வளைவு வந்தால் இறங்கி, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வண்டியோடு நடந்தபடியே சக்கரங்களைத் திருப்புவார். அவர் என்ன பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் என்ன செய்யப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருப்பது ஆளுக்கொரு வாக்கி-டாக்கி.

எங்கள் வண்டியின் வாலில் இருந்தவர் என் மச்சான். மனைவிக்கு மூத்த அண்ணன். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது பேச்சு இல்லை.

காரணம் அசனம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பண்டிகை முடிவில் சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதற்கு அந்தப் பெயர். அந்த வருஷம் மச்சான் பந்தியில் உட்கார்ந்திருந்தார். நான் கறி வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தேன். யாரோ அவரிடம், "மாப்பிள்ளைதான் அந்தப் பெரிய வண்டிய ஓட்டுதாராமே" என்று விசாரித்திருக்கிறார்கள். அதற்கு மச்சான் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எவன் சொன்னான்? முன்னால ஒரு ஆட்டக் கட்டிப்போட்டு, எதுக்க புல்லுக்கட்டக் காட்டுனாலும் வண்டி போவும். வண்டிய ஓட்டுததே பின்னால இருக்கவன்தான்."

பந்தி சிரித்தது. வாளியில் கிடந்ததும் ஆடுதான் என்பதால் இன்னும் அதிகமாகச் சிரித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்தவன் இயற்பியலைப் பாஸ் பண்ணியிருப்பான்.

"ஆமா, ஆமா, எங்க வண்டிக்கு வாலு இவருதான்" என்றேன். "தலைக்குக் கறி வச்சாச்சு. வாலுக்கு எலும்பு போதும்லா?"

பந்தி முந்தின தடவையைவிடச் சத்தமாகச் சிரித்தது. மச்சான் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அசன இலையில் இருந்து எழுந்து போவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. சேகர குருவே பிரசங்கத்தின் நடுவில் இறங்கிப் போனாலும் ஜனங்கள் அவ்வளவு பேசமாட்டார்கள். கறியை வைத்துவிட்டுப் போய்விட்டாரே என்று ஊரே அந்தக் கறிக்காகத் துக்கப்பட்டது.

அவர் ஆடு என்றதற்கு நான் வால் என்றேன். கணக்கு நேராகிவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை. மொபைலில் என்னை பிளாக் செய்தார். என் வீட்டுக்கு வந்தால் தங்கையிடம், "உன் வீட்டுக்காரர் உள்ள இருக்காரா?" என்று, நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே கேட்பார். நானும் அவளிடம், "இருக்கேன்னு சொல்லு" என்பேன். அவள் சில நாள் இந்த அஞ்சல் வேலையைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துப் பேசிக்கிடுங்க, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று ராஜினாமா செய்துவிட்டாள்.

வீட்டில் ராஜினாமா ஏற்கப்பட்டது. வண்டியில் அந்தப் பதவி பைலட் அண்ணாச்சியிடம் போனது. இறக்கை வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஒரு ஜீப் போகும். எதிரே வருகிற வண்டிகளை ஒதுக்குவது அதன் வேலை. அதை ஓட்டிய அண்ணாச்சி தாமிரபரணிப் பக்கத்து வயல்காரர். நடவுக்கும் அறுப்புக்கும் விடுப்பு எடுப்பார். ஊர்ப் பஞ்சாயத்தில் சமாதானம் பேசிப் பேசிப் பழகியவர். அந்தப் பழக்கத்தைத் துறைமுகத்துக்கும் கொண்டு வந்திருந்தார்.

அன்றைக்குத் துறைமுகத்தில் காலையிலேயே லோடு ஏற்றினோம். காற்றாலை இறக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. அது பிறந்ததே காற்றுக்காக. ஆனால் காற்று அடித்தால் அதைத் தொடக்கூடாது. கிரேன் தூக்கும்போது காற்று பிடித்தால் அது தன் பிறவிப் பயனை அங்கேயே அடைந்துவிடும்; கயிறு பிடிக்கிறவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே காற்று தூங்குகிற நேரம் பார்த்து, இரண்டு பெல்ட்டில் மெல்லத் தூக்கி, தடித்த அடிப்பாகத்தை முன்னால் சட்டத்தில் போல்ட் போட்டு, மெலிந்த பாகத்தைப் பின்னால் மெத்தை வைத்த தாங்கியில் உட்கார வைப்போம். நுனி தாங்கியைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடும்.

அதன் பிறகு பெல்ட்டும் சங்கிலியும் பார்க்க வேண்டும். ஒருவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து "இறுக்கமா?" என்று கேட்பார், மறுபக்கம் நிற்பவர் தானும் இழுத்துப் பார்த்து "இறுக்கம்" என்பார். எங்களுக்குப் பேச்சு இல்லாததால் மச்சான் ஸ்பேனரால் சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவார். நான் இரண்டு தட்டு தட்டுவேன். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்குக் கோயிலில் தாளம் போடுகிறார்கள் என்று தோன்றியிருக்கும். அண்ணாச்சி இதற்குள் எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முடித்தார். அத்தனை சக்கரத்துக்கும் வைத்தால் ஒரு பந்திக்கு ஊறுகாய் போடலாம். மச்சான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். இரண்டு பேரும் மேலே இருப்பவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டபடியால் நான் இன்னொரு முறை பெல்ட்டைப் பார்த்தேன்.

சேஃப்டி அதிகாரி வந்து, "ரெண்டு பேருக்கும் இடையில கம்யூனிகேஷன் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றோம் ஒரே குரலில். பல நாளில் நாங்கள் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அது. பொய்யும் இல்லை. இருந்தது, அண்ணாச்சி வழியாக.

உப்பளங்களைத் தாண்டி வண்டி மேற்கே திரும்பியது. மூன்று வாக்கி-டாக்கியும் ஒரே அலைவரிசையில்தான் இருந்தன. மச்சான் பேசுவது எனக்குப் பக்கத்தில் இருந்து பேசுவது போலவே கேட்கும். ஆனாலும் அண்ணாச்சி சொன்னால்தான் அது எனக்குக் கேட்டதாகக் கணக்கு.

"அண்ணாச்சி, முன்னால போறவருக்கு என்ன அவசரம்னு கேளுங்க" என்றது மச்சான் குரல்.

"தம்பி, மச்சான் ரொம்பப் பிரியமா, கொஞ்சம் மெதுவாப் போவச் சொல்லுதாரு" என்றார் அண்ணாச்சி.

"பிரியமான்னு நான் எப்பச் சொன்னேன்?"

"தம்பி, பிரியத்த அவரு வாபஸ் வாங்கிட்டாரு. மெதுவா மட்டும் போங்க."

"மெதுவாத்தான் போறேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. பின்னால உக்காந்து தூங்குதவருக்கு எல்லாமே வேகமாத்தான் தெரியும்."

"மச்சான், தம்பி உங்க ஒடம்புக்கு எப்படி இருக்குன்னு விசாரிக்காரு."

இப்படியே கரிசல் காடு வரைக்கும் போனோம். நேர்ச்சாலையில் இதனால் ஒன்றும் கெடவில்லை. அண்ணாச்சி சேர்க்கிற சர்க்கரையில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வளைவில்தான் சர்க்கரைக்கு நேரம் இருக்காது.

அந்த வளைவுக்கு வந்தபோது பிற்பகல். மச்சான் இறங்கி ரிமோட்டை மாட்டிக்கொண்டார். அண்ணாச்சி ஜீப்பை வளைவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, எதிரே வந்த மினிபஸ்ஸை மறித்தார். நான் டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பினேன். தலை உள்ளே திரும்பத் திரும்ப, வால் வெளியே வீசும். மாடு ஈ ஓட்டுகிற மாதிரி. ஈ இருந்த இடத்தில் அக்காவின் நீலக் கூரை இருந்தது.

"அண்ணாச்சி, நிப்பாட்டச் சொல்லுங்க" என்றது வாக்கி-டாக்கி.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணாச்சி சொல்லவில்லை. அவர் மினிபஸ் டிரைவரோடு வாக்குவாதத்தில் இருந்தார். நான் காத்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று கேட்டால், முறைப்படி எனக்கு இன்னும் தகவல் வரவில்லை.

"அண்ணாச்சீ! நிப்பாட்டுங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சீ!"

அந்தக் குரலில் என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தேன். இறக்கையின் நுனி கூரை விளிம்புக்கு எதிரே, கொஞ்சம் கீழே, ஓர் உள்ளங்கை நுழையும் தூரத்தில் நின்று மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டிருந்தது. கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனது.

அக்கா கையில் டீ வடிகட்டியோடு வெளியே வந்தார். கத்துவார் என்று கதவுக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். கத்தவில்லை. நுனியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மச்சானுக்குப் பக்கத்தில் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். மச்சான் அப்போது, "அண்ணாச்சி, இனி என்ன செய்யப் போறாருன்னு அவருகிட்ட கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓடி வந்து சேர்ந்த அண்ணாச்சி தன் வாக்கி-டாக்கியில், "தம்பி, இனி என்ன செய்யப் போறீங்கன்னு மச்சான் அன்பா கேக்காரு" என்றார்.

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஏலே, ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லையால?" என்றார். "எனக்கும் எங்க நாத்தனாளுக்கும் பேச்சு இல்லதான். நாங்க கோழியப் பாத்துப் பேசிக்கிடுவோம். ஆனா கோழிய வச்சுக்கிட்டு எவ கூரைலயும் லாரி ஏத்துததில்ல."

சொல்லிவிட்டு அண்ணாச்சி கையில் இருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க இங்கன உக்காந்து டீ குடிங்க. நடுவுல நீங்க இருக்கதாலதான் இதுக ரெண்டும் ஊமையா இருக்கு."

அண்ணாச்சி ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்குரிய கண்ணியத்தோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளூர அவருக்கு நிம்மதி என்று நினைக்கிறேன்.

நிலைமை இதுதான். வண்டியின் பின்பக்கத்தை ஹைட்ராலிக்கில் கொஞ்சம் உயர்த்த முடியும். உயர்த்தினால் நுனி கூரைக்கு மேலே மிதந்து தாண்டிவிடும். ஆனால் உயர்த்திய பிறகு நான் பிரேக்கைத் தொட்டால் நுனி குனிந்து கும்பிடும். கும்பிட்டால் கூரை காலி. உயர்த்தியபடியே அதிக தூரம் போகவும் கூடாது. வண்டி ஆட ஆரம்பித்துவிடும். எப்போது தூக்க, எப்போது நகர, எப்போது பிரேக் போடாமல் தானாக ஓய விட, எப்போது இறக்க என்று வாலும் தலையும் மூச்சுக்கு மூச்சு பேசியாக வேண்டும். கடல்காற்று கிளம்புகிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

வாக்கி-டாக்கி உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. மினிபஸ் ஜனம் இறங்கி வந்து டீ கேட்டது. மோட்டார் சைக்கிள்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வசதியான இடம் பார்த்து நின்றார்கள். கூரை போகிற அன்றைக்குத்தான் அக்காவுக்கு வாழ்நாளிலேயே நல்ல வியாபாரம்.

சிவப்புத் துணி முதல் முறையாகக் காற்றில் படபடத்தது. நுனி ஒரு முறை தாழ்ந்து எழுந்தது. நான் பட்டனை அமுக்கினேன்.

"ஹலோ."

"யாரு பேசுதது?" என்றார் மச்சான்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"முன்னால கட்டிப்போட்ட ஆடு."

வெளியே கூட்டம் சிரித்தது. அக்கா பிடுங்கிய வாக்கி-டாக்கியை எல்லோரும் கேட்கட்டும் என்று உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஆடு பேசுமா வே?"

"வாலு பேசும்போது ஆடு பேசக் கூடாதா?"

"பாத்தீரா, பாத்தீரா! இந்த வாயிதான்!" மச்சானுக்கு அணை உடைந்துவிட்டது. "இலையில ஒக்காந்தவன எழுப்பிவிட்ட வாயி! அன்னைக்கு நீரு சொன்னது என்னோட போச்சா? எம்மவன ஸ்கூல் வேன்ல வாலு மவன்னு கூப்பிடுதானுவ, தெரியுமா ஒமக்கு?"

எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடமும் சரக்கு இருந்தது.

"எம்மவள மட்டும் என்ன, ராசாத்தின்னா கூப்பிடுதானுவ? அவ ஏறுனதும் வேனே சேந்து மே...ன்னு கத்துதாம். டிரைவரும் கத்துதானாம்!"

மச்சான் பட்டனை அமுக்கியபடியே இருந்தார் என்பது தெரிந்தது, ஏனென்றால் முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு இருமல். பிறகு அடக்க முடியாமல் மச்சான் சிரித்துவிட்டார். "டிரைவருமா?" என்றார்.

"டிரைவருதான் தொடங்கி வைக்காராம்."

"கிறுக்குப் பய." கொஞ்சம் மூச்சு வாங்கினார். உடனே குரலை மாற்றிக்கொண்டார். "சிரிச்சேன்னு நெனச்சுக்கிடாதீரும். கோவம் அப்படியேதான் இருக்கு. இப்பத் தூக்கப் போறேன். பிரேக்கத் தொட்டீரு, கொன்னே போட்டுருவேன்."

ஆனால் தூக்க முடியவில்லை. அக்கா மறுபடியும் கூரைக்குக் கீழே போய் நின்றுகொண்டார். சுமைக்குக் கீழே ஓர் ஆள் நின்றால் வண்டி நகரக் கூடாது என்பது விதி. மச்சான் கெஞ்சினார்.

"அக்கா, வெளிய வாங்க. மேல விழுந்துருச்சுன்னா?"

"நான் கீழ நின்னாத்தான் நீங்க பயந்து ஓட்டுவீங்க."

"நீங்க நின்னா நான் ஓட்டவே மாட்டேன்."

இதற்கு அக்கா கண்ட வழி எனக்குத்தான் வினையாக முடிந்தது. கடையில் டீ குடித்தவர்களை எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் விரட்டினார். நேராக வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, என் கேபினில் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். வடிகட்டி இன்னும் கையில் இருந்தது.

"நுனிய அந்த ஆளு பாத்துக்கிடட்டும். நான் ஒன் கால பாத்துக்கிடுதேன். அந்தக் காலு பிரேக்குப் பக்கம் போச்சு, இதாலயே அடிப்பேன்."

பெல்ட் போடச் சொன்னேன். "எதுக்கு? மூணு அடி போறதுக்கா?" என்றார். போடாமல் நகர மாட்டேன் என்றதும் போட்டுக்கொண்டார்.

பின்னால் ஹைட்ராலிக் முனகியது. கண்ணாடியில் நுனி மெல்ல எழுந்து நீலத் தகட்டுக்கு மேலே வந்தது.

"மாப்ள, விடும். மெதுவா. இன்னும் மெதுவா. நீரு என் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தப்போ கேசரியத் தின்ன வேகத்துல போவாதீரும்."

"அந்தக் கேசரியில உப்பு கிடந்துச்சு மச்சான். இத்தனை வருஷமா சொல்லல."

"அது எங்க அம்மா செஞ்சது வே! நான் திருப்புதேன், நீரு நேராப் பிடியும். நேரா! டிரான்ஸ்பார்மர் தெரியுதா?"

"தெரியுது. ஒரு முழம் இருக்கு."

"அரை முழம் போதும் அதுக்கு. ஒட்டிப் போரும். எங்க அம்மா கேசரிய இனிமே ஒரு வார்த்த..."

அப்போது காற்று வந்தது. கண்ணாடியில் நுனி தாழ்வது தெரிந்தது. உடம்பில் இருக்கிற அத்தனை நரம்பும் பிரேக்கைப் போடு என்றது. என் வலது கால் ஓர் அங்குலம் நகர்ந்தது. வடிகட்டி முழங்காலில் விழுந்தது.

"காலு!" என்றார் அக்கா.

"நிக்காதீரும், ஓய விடும், ஓய விடும்..." என்றது மச்சான் குரல். "நான் இன்னும் கொஞ்சம் தூக்குதேன். மூச்சு விடாதீரும் மாப்ள. கர்த்தரே. அண்ணாச்சி, ஒங்க சாமியவும் கூப்பிடுங்க. ம்... ம்... எந்திரிச்சுட்டு. விடும். விடும். ஆடு மாதிரி போரும் வே, ஆடு மாதிரி!"

ஆடு மாதிரியே போனேன். கூரை கண்ணாடியில் பின்னால் நகர்ந்தது. விளிம்பு, நடு, மறுவிளிம்பு. பிறகு கண்ணாடியில் வெறும் வானம். ஹைட்ராலிக் பெருமூச்சு விட்டு இறங்கியது.

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் முகத்தில் பெரிய ஏமாற்றம். அவ்வளவு நேரம் நின்றும் ஒன்றுமே விழவில்லை. மினிபஸ் டிரைவர், "இதுக்குத்தான் இந்தப் பாடா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அக்கா பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் கொஞ்சம் திணறினார். கழற்றிவிட்டேன். இறங்கிப் போய்க் கூரையைச் சுற்றி வந்தார். குழாயை ஆட்டிப் பார்த்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வடை ஆறிப் போச்சு, பரவால்லைன்னா தின்னுங்க" என்றார். மச்சானும் நானும் ஒரே பெஞ்சில், நடுவில் அண்ணாச்சியை வைத்துக்கொண்டு தின்றோம். அண்ணாச்சிக்குத்தான் கொஞ்சம் சங்கடம். அவருக்கு இனி அங்கே வேலை இல்லை.

அந்த வருஷ ஐப்பசி மழை சரியான மழை. அக்கா உலர்ந்த இடத்தில் தூங்கினார்.

இப்போதும் மாதத்தில் சில தடவை இறக்கை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்குப் போகிறோம். வழி பார்க்கிறவர் புதிதாக அளந்துவிட்டார், நாங்களும் முன்கூட்டியே தூக்கிக்கொண்டுதான் வருகிறோம். அடுத்த தடவை போனபோது ஒன்று நடந்தது. மச்சானும் நானும் ராசியாகிவிட்டபடியால், "வலது", "ஆச்சு", "விடுங்க", "சரி" என்று நல்ல பிள்ளைகளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வாசலில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. நேராக ஓடி வந்து கேபின் கதவைத் தட்டினார்.

"ஏலே, என்ன சத்தத்தையே காணோம்? மறுபடியும் பேச்சு இல்லையா? கூரைக்கிட்ட வந்துட்டு, சண்டையப் போடுங்கல!"

ராசியாகிவிட்டோம் என்று சொல்லிப் பார்த்தேன். அக்காவுக்கு ராசியில் நம்பிக்கை இல்லை. அவர் கண்ணால் பார்த்தது சண்டையில் தாண்டிய கூரையைத்தான். சத்தம் வராவிட்டால் கூரைக்குக் கீழே போய் நின்றுகொள்கிறார். நின்றால் வண்டி நகராது. ஆகவே அந்த வளைவு வந்தால் மச்சானும் நானும் சண்டை போடுகிறோம். ஆரம்பத்தில் பழைய பாக்கி நிறைய இருந்ததால் சிரமம் தெரியவில்லை. கேசரி தீர்ந்தது, கல்யாணப் பட்டு வேட்டி தீர்ந்தது, அவர் இரவல் வாங்கிப் போன ஏணி தீர்ந்தது. இப்போதெல்லாம் முந்தின நாளே எதற்குச் சண்டை போடலாம் என்று போனில் பேசி வைத்துக்கொள்கிறோம்.

போன வாரம் மச்சானுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நுனி கூரைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட அவசரத்தில், என் அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. பட்டனை விடாமல் அவருடைய மூன்று தலைமுறையின் சமையலையும் எடுத்து வைத்தேன். அவரும் விடவில்லை. பேச்சு மும்முரத்தில் கூரையை எப்போது தாண்டினோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.